தொட்டித் தண்ணீர்

தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. ஆனாலும் இரண்டு ஏஞ்சல் மீன்களும் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுளோரம் சிவந்துவிட்டது. இதற்கு முன் வாங்கிய ஜோடிகளும் இப்படித்தான் போயின. ஏன் என்று சிவபாக்கியத்துக்குப் பிடிபடவில்லை.

மலைக் குளிர் காரணமில்லை. தகர மூடிக்குள் அறுபது வாட் பல்பு எரிந்தது. மூன்று பக்கமும் சாக்கைச் சுற்றியிருந்தாள். விரலை விட்டால் இதமான சூடு. சின்ன மோட்டார் விடாமல் குமிழி விட்டது. இரையும் ஒரு சிட்டிகைதான். மீன் திணறத் தொடங்கியதும் தொட்டியைக் காலி செய்வாள். மணலை உப்புப் போட்டுக் கொதிநீரில் அலசி, புதுத் தண்ணீர் நிரப்புவாள். சில நாள் நன்றாக இருக்கும். மறுபடி திணறும். கடைசியில் பக்கவாட்டில் மிதக்கும்.

இன்றும் மணலை அள்ளச் சட்டி எடுத்தாள்.

"ஏத்தா, இன்னிக்கி யாரு போறது? அதுகளா, நானா?" கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். இடுப்பு முறிந்து இராமலிங்கம் படுக்கையில் விழுந்து மூன்று வருஷம்.

"சும்மா கெடங்கப்பா."

"மூணு வருசமா அதத்தான செய்றேன்."

சிரித்தார், சிரிப்பு இருமலாகி நீண்டது. "கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

இந்த மீன்கள் அவளுக்குப் பொழுதுபோக்கு அல்ல. ஏரிச் சாலை ஹோட்டலில் பழைய தொட்டியைக் கொடுத்த மேனேஜர் ஞானவேல் சொல்லியிருந்தார்: "ரிசப்ஷன்ல பெரிய டேங்க் வைக்கப் போறோம். இதுல சாகாம வளத்துக் காட்டுங்க, அந்த வேல ஒங்களுக்குத்தான்." இல்லையென்றால், அப்பாவுக்குப் பிறகு பழனிதான். அண்ணன் சேனாதிபதியின் அடிவாரக் கடைக்குப் பின்னால், சமையலறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை. "நம்ம வீடு இருக்கையில ஒனக்கென்ன கவல" என்பார் அண்ணன். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த அறையின் எண்ணெய்ப் பிசுக்கு வாசனை அவள் மூக்கில் ஏறும்.

தம்ளரோடு திரும்பி வந்தபோது அப்பாவின் தலை தொட்டியின் பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆறும்வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை எடுத்தார்கள். பாடை அட்டுவம்பட்டிச் சரிவில் இறங்கி மூடுபனிக்குள் மறைந்ததும், அண்ணன் மனைவி வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"பொணம் எடுத்த வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. வெரசா வா."

குடம் கவிழ்ந்தது. தவலை கவிழ்ந்தது. தம்ளரில் ஆறிப்போயிருந்த தண்ணீரும் முற்றத்துக்குப் போனது. பிறகு வடிவு செம்போடு தொட்டிக்கு வந்தாள்.

"மதினி, மீனு கெடக்கு!"

"அதுவும் தீட்டுத் தண்ணிதான? எதுல வேணாலும் அள்ளி வையி."

மீன்களை ஒரு குண்டானுக்கு மாற்றுவதற்குள் தொட்டியில் பாதி குறைந்துவிட்டது. மீதியையும் வடிவு இறைத்ததும் அடியில் மணல் மட்டும் ஈரமாகக் கிடந்தது.

"இதையும் அள்ளிக் கொட்டு."

"இது தண்ணி இல்லையே. நீங்க தண்ணியத்தான சொன்னீங்க."

வடிவு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல." செம்போடு அடுத்த பானைக்குப் போய்விட்டாள்.

சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் குளிப்பதற்காகப் பின்புறம் அண்டாவில் புதுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு செம்பு எடுத்துக் குழாய்த் தண்ணீரோடு விளாவி, விரல் விட்டுப் பார்த்துத் தொட்டியை நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டாள். மணலை அலச நேரமில்லை. ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் வெள்ளனே எழுந்ததும் தொட்டியைத்தான் பார்த்தாள். மீன்கள் திணறவில்லை. கருமாதிக்குச் சோறு பொங்கியபோதும் துடுப்பை விரித்துக்கொண்டு நடுத் தண்ணீரில் நின்றன. துக்கம் கேட்க வந்த ஞானவேல் குனிந்து பார்த்தார்.

"அதே மீனா?"

"அதே மீனுதாங்க."

"என்ன செஞ்சீங்க?"

"தெரியலீங்க."

"எப்படின்னு தெரியாம பெரிய டேங்க எப்படிங்க நம்பிக் குடுக்கிறது?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

அவள் தொட்டி முன் உட்கார்ந்தாள். அதே பல்பு. அதே இரை. தண்ணீர் ஒவ்வொரு முறையும் புதிதுதான். இந்த முறை செய்யாமல் விட்டது ஒன்றுதான். கையை விட்டு மணலைத் தொட்டாள். வழுவழுப்பாக ஒரு பழுப்புப் படலம் ஏறியிருந்தது.

மீனின் கழிவு கண்ணுக்குத் தெரியாத நஞ்சாகத் தண்ணீரில் கரைகிறது. அதனால் தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீராகிவிடாது. அந்த நஞ்சைத் தின்று தீர்ப்பது நுண்ணுயிர்கள் நிறைந்த இந்தப் படலம்தான். அது உண்டாக வாரக்கணக்கில் ஆகும். உண்டாகி வரும்போதெல்லாம் அவள் அதன்மேல் கொதிநீரை ஊற்றியிருக்கிறாள்.

"பாக்கியம், பஸ்ஸுக்கு நேரமாச்சு." அண்ணன் மூட்டைகளோடு வாசலில் நின்றார்.

"நீங்க போங்கண்ணே. எனக்கு ஹோட்டல்ல சோலி கெடக்கு."

"மீனுக்கு வேல பாக்கவா இங்கன இருக்கப் போற?"

"ஆமாண்ணே."

அவர் வடிவைப் பார்த்தார். வடிவு கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே ஒரு மூட்டையை அவிழ்த்து, அவளுடைய சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

ஹோட்டல் வரவேற்பறையில் புதுத் தொட்டி நிறையத் தண்ணீரோடு நின்றது. சிவபாக்கியம் ஈரத்துணி முடிச்சை அவிழ்த்து, பழைய மணலைக் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே விட்டாள். தண்ணீர் கலங்கியது.

"அய்யய்யோ, கழுவலையா?" என்றார் ஞானவேல்.

"கழுவக் கூடாதுங்க. தண்ணிய மட்டும் அப்பப்பக் கொஞ்சம் மாத்தணும். மணல அப்படியே விட்டுறணும்."