சொட்டாத கிளாண்டு

எனக்கு நீச்சல் தெரியாது. மற்றதையெல்லாம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். இது மட்டும் கலப்படம் இல்லாத உண்மை. ஒரத்தநாட்டுப் பக்கம் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முரட்டுக் காளைகள் என் ஊசியைப் பார்த்ததும் தாமாகவே திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டும். ஆனால் கணுக்கால் அளவு நாற்றங்கால் தண்ணீரில்கூட நான் ஒருமுறை மூழ்கி எழுந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனை முத்துப்பேட்டைக் காயலில் படகேற்றியது என் மச்சான் இராஜாங்கம், என் மனைவி அம்சத்தின் தம்பி. குத்தாலத்தில் விவசாயம். வயலில் இருக்கும் டீசல் பம்ப்செட்டுக்கு அவன் செய்கிற பணிவிடையில் பாதி செய்திருந்தால் அவன் பெண்டாட்டி இன்றைக்கும் பதினெட்டு வயதாகவே இருந்திருப்பாள்.

படகு ஜாஃபர் சாதிக்குடையது. அவருடைய ஆடுகளுக்கு வைத்தியம் பார்த்த நாளிலிருந்து எனக்கு நண்பர். வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு கிடந்தார். படகு இன்ஜினுக்குச் சர்வீஸ் செய்யவேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"பாய், நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றான் இராஜாங்கம்.

"தம்பி, இது தண்ணிக்குள்ள ஓடுற இன்ஜின். சிலதெல்லாம் வேற மாதிரி..."

"இன்ஜின்னா இன்ஜின்தான் பாய். அது வயல்ல இருந்தா என்ன, படகுல இருந்தா என்ன?"

ஆயில் மாற்றினான். பில்ட்டர் மாற்றினான். நாசிலைக் கழற்றித் துடைத்தான், டேப்பெட் வைத்தான், பெல்ட்டை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். படகின் அடிப்பக்கத்தைக் கழுவுவதற்காக நங்கூரத்தைத் தூக்கிக் கரையில் போட்டு, போட்டது போட்டபடி அதற்குப் பெயின்ட்டும் அடித்தான்.

பிற்பகலில் வெள்ளோட்டம். கரையில் கட்டிப்போட்டு ஓட்டிப் பாருங்கள் என்று பாய் சொல்லியிருந்தார். கட்டிப்போட்டு ஓட்டினால் அது வெள்ளோட்டமா என்று கேட்டான் இராஜாங்கம். எங்கள் இருவரையும் நம்பாத அம்சம், எலுமிச்சை சாதத் தூக்கோடு தானும் ஏறிக்கொண்டாள்.

இன்ஜின் தேன் மாதிரி ஓடியது. அலையாத்திக் காடு இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. நான் பலகையை இறுக்கிப் பிடித்த பிடியில் என் பத்து விரலும் மரத்தில் பதிந்திருக்கும். போய்ப் பார்த்தால் இப்போதும் தெரியும்.

"பயமா மாமா?" என்று சிரித்தான் மச்சான்.

"எனக்கென்னடா பயம். கை சும்மா அங்க இருக்கு."

முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்தபோது தீய்ந்த வாசனை அடித்தது. அம்சம்தான் முதலில் பிடித்தாள். "டேய், என்னமோ கருகுதுடா." பின்பக்கத்துப் பலகையை இராஜாங்கம் தூக்கினான். அடியிலிருந்து புகை வந்தது. இன்ஜின் முக்கியது, முனகியது, நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதில் நான் என் சாவுச் செய்தியையே கேட்டேன். கடல் வற்றுகிற நேரம். காயல் தண்ணீர் முழுவதும் முகத்துவாரத்தைப் பார்த்து ஓடியது, எங்களையும் இழுத்துக்கொண்டு. இராஜாங்கம் படகு தள்ளும் கம்பை விட்டுப் பார்த்தான். தரை எட்டவில்லை.

"நங்கூரத்தைப் போடுடா!"

"பெயின்ட்டு காயுது மாமா."

முகத்துவாரத்துக்கு அந்தப்பக்கம் கடல். அதற்கும் அந்தப்பக்கம் இலங்கை. பாஸ்போர்ட்டு இல்லையே என்றுகூட எனக்குக் கவலை வந்தது. அம்சம் எதுவும் பேசவில்லை. என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை நேரம் பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை. நிஜமான பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

போனில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. பாயைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"கிளாண்டு சொட்டுதா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட், படகின் அடியைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிற இடம் அது. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறாமலிருக்கக் கயிறு சுற்றி, நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். பம்ப்செட்டிலும் கிளாண்டு உண்டு. அது தளர்ந்தால் காற்று பிடித்துக்கொள்ளும், பம்ப் தண்ணீரைத் தூக்காது. அதனால் அதை இறுக்கியே வாழ்ந்தவன் இராஜாங்கம்.

"ஒரு பொட்டு விழாது பாய்!" அந்த நிலைமையிலும் அவன் குரலில் பெருமை. "புதுக் கயிறு போட்டு நல்லா இறுக்கிட்டேன்."

"அடப்பாவி! அது சொட்டணும்யா! அந்தத் தண்ணிதான் அதுக்குக் குளிர்ச்சி. ஷாஃப்ட்டு வெந்து புடிச்சிக்கிச்சு. ஆறவுட்டு நட்டைத் தளத்து. ஓடுறப்ப சொட்டுச் சொட்டா..."

கோடு மறைந்தது. போனும் போனது.

துண்டைக் காயலில் நனைத்து நனைத்துக் கிளாண்டின்மேல் போட்டோம். சுர்ரென்று ஆவி கிளம்பியது. சூடு தணிவதற்குள் அலைச் சத்தம் காதுக்கு வந்துவிட்டது. இராஜாங்கம் ஸ்பேனரை மாட்டித் தளர்த்தினான். படகுக்குள் நூல் மாதிரி தண்ணீர் பாய்ந்தது. உடனே அவன் கை மறுபடி இறுக்கியது.

"தளத்துடா!"

"தளத்துறேன் மாமா. கைதான் கேக்க மாட்டேங்குது. படகுக்குள்ள நாமளே தண்ணிய வுடுறதா?"

ஸ்பேனரை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு நான் குப்புறப் படுத்தேன். நீச்சல் தெரியாதவன், கடலுக்குக் கதவு திறந்துவிடப் படுத்திருக்கிறேன்! தளர்த்தினால் மூழ்குவோம், இறுக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பற்கள் கிடுகிடுத்ததில் என் பல்செட்டு தனியாக ஒரு இன்ஜின் ஓட்டியது. ஆனால் சொட்டு என்றால் எனக்குத் தெரியும். காய்ச்சலில் விழுந்த மாடுகளுக்குத் தொழுவத்து விட்டத்தில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டி, சொட்டை விரலால் கூட்டிக் குறைத்தே நரைத்தவன் நான். சர்ரென்று ஏற்றினால் மாடு செத்துவிடும், நின்றுபோனாலும் செத்துவிடும்.

நட்டைத் தளர்த்திவிட்டு, "ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை இன்ஜின் ஓட ஆரம்பித்தது. கருகின கயிற்று வழியே தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நட்டை ஒரு துளி இறுக்கினேன். இன்னும் ஒரு துளி. பாய்ச்சல் நூலாகி, நூல் அறுந்து, சொட்டு விழ ஆரம்பித்தது. அம்சம் சாதத்தைக் காயலில் கொட்டிவிட்டு, ஏற்கெனவே ஏறிய தண்ணீரைத் தூக்கால் மொண்டு மொண்டு வெளியே இறைத்தாள். படகு முகத்துவாரத்துக்கு முதுகைக் காட்டியது.

"விழுதாங்க?"

"விழுது."

"இப்ப?"

"விழுதுடி. நீ மொள்ளு."

கொஞ்ச நேரம் சொட்டு நின்றது. மூன்று பேருக்கும் மூச்சும் நின்றது. ஸ்பேனரைத் தொட்டேன், மறுபடி விழுந்தது. கரை வந்து சேரும்வரை நான் நிமிரவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, வேண்டாத சாமி இல்லை.

படித்துறையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தார் பாய். ஒற்றைக் கையால் படகுக் கயிற்றை வாங்கிக் கட்டினார். முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு குனிந்து கிளாண்டைப் பார்த்தார். "கயிறு மாத்தணும். ஷாஃப்ட்டு பொழச்சுக்கிச்சு" என்றார்.

நாங்களும் பிழைத்திருந்தோம்.

இன்ஜின் நின்ற பிறகும் கிளாண்டில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. இராஜாங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மெதுவாக ஸ்பேனர் பக்கம் போனது.

"இப்பதான் ஓடலையே, லேசா ஒரு சுத்து..."

அம்சம் ஸ்பேனரைப் பிடுங்கிக் காயலில் எறிந்தாள்.

"ஐயோ, அந்த நட்டுக்கு என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்" என்றார் பாய்.

"நல்லதாப் போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு, அம்சம் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு படியேறினாள். அவள் இன்னொரு கை அப்போதும் என் சட்டையை விடவில்லை.