வெள்ளை எழுத்து

பள்ளிக்கூடத்தை விட்டு நின்று மூன்று வருடமான எனக்கு, கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்த முதல் பயிற்சி விடுப்பு விண்ணப்பம். தலைப்பை நடுவில் வைத்து, எழுத்தைத் தடிமனாக்கி, அடிக்கோடு போட வேண்டும். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கப் பயந்தே நின்றுபோனவள் நான். 'பயம் காரணமாக ஆயுள் முழுக்க விடுப்பு தருமாறு' என்று அடித்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

"ஜெராக்ஸ் கடையில வேர்டு தெரிஞ்ச பொண்ணு கேக்குறாங்க. போய்க் கத்துக்கடி" என்று அம்மா அனுப்பினாள். எங்கள் எடமலைப்பட்டி புதூரிலேயே கற்றுத்தர இடம் இருக்கிறது. தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாதென்று இரண்டு பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு மாடிக்கு வந்தேன். மூன்று வாரமாக அங்கே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தலையாட்டியே கற்றுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பீரோவின் அடித்தட்டில், பழைய பாவாடைகளுக்குக் கீழே, ஏழு நோட்டுகள் இருக்கின்றன. பார்க்கிற மனிதர்களைப் பற்றி அவற்றில் எழுதுவேன். யாரும் படித்ததில்லை. யாராவது படித்துவிட்டால் பச்சைமலைக்குப் போய்விடுவதென்று முடிவு செய்து வைத்திருந்தேன். பஸ் குறைவு, தேடி வர மாட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், அன்றைய விண்ணப்பம் சீக்கிரம் முடிந்துவிட்டது. விரல் சும்மா இருக்கவில்லை. புதுப் பக்கம் திறந்து, நோட்டில் எழுதுவதுபோலவே வகுப்பைப் பற்றி அடிக்கத் தொடங்கினேன். சொல்லித்தருகிற ஜெஸ்லின் மேடம் என்னைவிட நாலு வயதுதான் பெரியவர். அவர் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை "சேவ் பண்ணியாச்சா?" என்று, செய்த பாவத்தைக் கேட்பதுபோல் கேட்பதை எழுதினேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பஷீர் அகமது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவதற்காகக் கற்றுக்கொள்பவர். அவர் ஒவ்வோர் எழுத்தையும் எறும்பை நசுக்குவதுபோல் அடித்துவிட்டு, செத்ததா என்று திரையைப் பார்ப்பதையும் எழுதினேன்.

மேடத்தின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அழிக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கினேன். பக்கம் சுத்தமாகிவிட்டது. இப்படியொரு மூளையை வைத்துக்கொண்டா பத்தாவதில் நின்றோம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மேடம் குனிந்து பார்த்தார்.

"என்ன ஆனந்தவள்ளி, பக்கம் காலியா இருக்கு? கீழ இருநூத்திப் பன்னெண்டு வார்த்தைன்னு காட்டுதே?"

திரையின் அடியில் அப்படியொரு கணக்கு ஓடுவதை மூன்று வாரமாக நான் பார்க்கவே இல்லை.

"பேய் கீய் டைப் அடிக்குதா மேடம்?" என்று பஷீர் பாய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

மேடம் இரண்டு பட்டன்களைத் தட்டினார், ஒரு கிளிக் செய்தார். இருநூற்றுப் பன்னிரண்டும் கறுப்பாக எழுந்து நின்றன. பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கினார். நான் மனதுக்குள் பச்சைமலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

எறும்பு வந்ததும் அவர் நிறுத்தினார். தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டம்மா இதையேதான் சொல்றா. இன்னொருத்தரும் எழுதியிருக்காங்கன்னா நம்ப மாட்டா, இதுல ஒரு பிரிண்ட் குடும்மா."

மேடம் சிரிக்கவில்லை. "முப்பது தடவையா? நான் அவ்வளவெல்லாம் கேக்கல. சும்மா அடிச்சு விட்டிருக்க."

என்னைத் திட்டியிருந்தால் தலையாட்டியிருப்பேன். நான் எழுதியதைப் பொய் என்றால் எப்படி?

"எண்ணினேன் மேடம்" என்றேன். அந்த வகுப்பில் நான் பேசிய முதல் வார்த்தை. "முப்பத்தி நாலு. பாவம்னு கொறைச்சுத்தான் போட்டேன்."

மேடம் என்னையே பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் "சரி, சேவ் பண்ணியாச்சா?" என்றார்.

"முப்பத்தஞ்சு" என்றார் பாய்.

மறுநாளும் விண்ணப்பத்தை முடித்துவிட்டுப் புதுப் பக்கம் திறந்தேன். நிறத்தைக் கறுப்பாகவே விட்டேன். எழுத்தின் அளவை மட்டும் எட்டாகக் குறைத்துக்கொண்டேன். ஒரே நாளில் எவ்வளவுதான் மாறுவது?