நான்கெல்லைக்குள் ஒரு கிளர்ச்சி

முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதியவன் நான். எழுதியதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொடும். மிச்சத்தில் இறங்கி வர ஏணியும் கட்டலாம். அப்படிப்பட்ட கை ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்குமா?

வரலாறு டீச்சரான என் மருமகள் ஒருநாள் சாப்பிடும்போது புலம்பினாள்.

"பத்தாவது பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுது மாமா. எழுதச் சொன்னா மூட்டையைக் கவுத்த மாதிரி கொட்டுதுங்க. முதல் வரியில ராஜா சாகறார், மூணாவது வரியில அவருக்குக் கல்யாணம்."

"ஒரு மணி நேரம் குடும்மா. அமைப்புன்னா என்னன்னு காட்டறேன்."

அந்த ஒரு மணி நேரம்தான் இப்போது என்னைத் தேர்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது.

நான் சொல்லிக்கொடுத்தது சுலபம். பத்திரத்தில் முதலில் எந்த நிலம் என்று சொல்வோம். பிறகு நான்கு எல்லை. பிறகு ஆதாரம். கடைசியில் உறுதிமொழி. வரலாற்று விடையும் அப்படித்தான் என்றேன். முன்வரிசையில் முந்திரிக்கொட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பெண் கையைத் தூக்கினாள்.

"தாத்தா, அஞ்சாவதா ஒரு காரணம் இருந்தா?"

"நிலத்துக்கு ஏதும்மா அஞ்சாவது பக்கம்? விட்டுடு."

பொதுத்தேர்வில் ஆலைத் தொழிலாளர் கிளர்ச்சிக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுத் தாள்களிலும் இதுதான்:

'மேற்படி கிளர்ச்சியானது வடக்கே கூலிக் குறைப்பு, தெற்கே வேலைநேர நீட்டிப்பு, கிழக்கே புது இயந்திரம், மேற்கே விலைவாசி ஆகிய நான்கெல்லைக்குள் அடங்கியது. இதில் எவ்வித வில்லங்கமும் இல்லையென உறுதி கூறுகிறேன்.'

திருத்தியவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாராம். எழுந்ததும் 'கூட்டாகக் காப்பி' என்று எழுதி அத்தனை பேரின் தேர்வு முடிவையும் நிறுத்திவிட்டார். இன்று வியாழன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் மேல்வகுப்பில் யாருக்கும் இடமில்லை.

விசாரணை அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"விடையை நீங்க சொல்லி எழுத வச்சீங்களா?"

"இல்லம்மா. உள்ள இருக்கறது பாடப்புத்தகத்துல இருக்கறது. வேலி மட்டும்தான் என்னோடது."

"சொல்லி எழுத வச்சிருந்தாலும் தாள் செல்லாது. நீங்க சொல்லலைன்னா காப்பி, அப்பவும் செல்லாது."

இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார். அறையின் சுவர்கள் என்னை நோக்கி ஆளுக்கு ஓர் அடி நகர்ந்து வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கம்மா. புதுசா ஒரு கேள்வி குடுங்க. பேனா தானா அந்தத் தடத்துலயே ஓடும். பழக்கம்தான், காப்பி இல்லைன்னு தெரிஞ்சுடும்."

வெளியே வராந்தாவில் என் மருமகளோடு நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதிகாரி கைகாட்டியது முந்திரிக்கொட்டையை. ரயில் பாதை வந்ததும் ஓர் ஊர் ஏன் மாறியது என்று எழுதச் சொன்னார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

பாவிப் பெண் எழுதினாள் பாருங்கள். வடக்கு இல்லை, தெற்கு இல்லை. ஒரு காரணத்திலிருந்து அடுத்த காரணத்துக்குக் கதவு திறந்து போகிற மாதிரி, ஐந்து காரணம். என் தலையில் மண்ணை வாரிப் போடுகிற அளவுக்கு அருமையாக எழுதினாள்.

அதிகாரி தாளைக் கீழே வைத்தார். "இவ்வளவு நல்லா எழுத வருதே. அப்புறம் தேர்வுல மட்டும் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி?"

முடிந்தது என்று நினைத்தேன். காப்பிதான் என்று நானே நிரூபித்துக் கொடுத்தாயிற்று.

அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "பரீட்சையில முதல் வரி வராது மேடம். தாத்தா சொன்ன மாதிரி வேலி போட்டா பயம் போயிடும். எல்லாருக்கும் பயம், அதான் எல்லாரும் போட்டோம். இங்க மார்க் கிடையாதுல்ல, அதான் இஷ்டத்துக்கு எழுதினேன்."

அதிகாரி அவளை வெளியே அனுப்பிவிட்டு வெள்ளைத்தாள் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"நான் நம்பறேன். குழு நம்பணும். அஞ்சு மணிக்கு உக்கார்றாங்க. நடந்ததை எழுதிக் குடுங்க. சாதாரணமா. பத்திர பாஷை ஒரு வார்த்தை இருந்தாலும் கேலி பண்றீங்கன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். மணி நாலு.

பேனாவை எடுத்தேன். 'மேற்படி' என்று எழுதியது. கிழித்தேன். அடுத்த தாளில் 'இதன் மூலம் யாவருக்கும்' என்றது. கிழித்தேன். முப்பத்தாறு வருடம் ஒரே பாதையில் ஓட்டிய மாடு, வேறு பக்கம் கொம்பைப் பிடித்துத் திருப்பினாலும் பத்திர அலுவலகத்து வாசலில்தான் போய் நிற்கிறது. ஏழு தாள். குப்பைக்கூடை வாயைத் திறந்துகொண்டு என்னையும் உள்ளே வரச் சொன்னது. கதவுக் கண்ணாடியில் மருமகள் முகம் வந்தது, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது, போனது.

நாலே முக்காலுக்குப் பேனாவை இடது கைக்கு மாற்றினேன்.

அந்தக் கை வாழ்நாளில் ஒரு பத்திரமும் எழுதியதில்லை. எழுத்துகள் நண்டு மாதிரி ஊர்ந்தன. 'நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் பயந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் காப்பி அடிக்கவில்லை. என் மருமகள் கேட்டது உதவி. நான் செய்தது இது.' அவ்வளவுதான். அதற்கே வியர்த்துவிட்டது.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதாம்மா. இன்னைக்குத்தான் பொறந்தது."

சிரித்த மாதிரி இருந்தது. சத்தியம் பண்ண மாட்டேன். தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு குழு அறைக்கு நடந்தார். ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்து, குழு ஒத்துக்கொண்டது, முப்பத்தெட்டுப் பேரின் தேர்வு முடிவும் நாளைக் காலை வரும் என்று என் மருமகளிடம் சொன்னார். முந்திரிக்கொட்டை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மருமகள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படியிறங்கினாள். நான் மூன்று மாடியும் அவள் பின்னாலேயே நல்ல பிள்ளையாக இறங்கினேன்.