சுதந்திரத்துக்குப் பதினான்கு விதிகள்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இது என் சரக்கு இல்லை. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் என் அக்கா, தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு சொன்னது. இருபது வருடம் நின்றே பாடம் எடுத்த கால். (எழுதட்டுமா என்று அவளிடம் கேட்கவில்லை.)

2

‘அன்று வகுப்பறைக்குள் விடுதலையின் காற்று’ (வேண்டாம். ஜன்னலே திறக்காத அறை.)

நடந்தது இதுதான். இனி தினமும் கடைசிப் பீரியடில் எந்தக் கணக்கைப் போடுவது, யாரோடு உட்கார்ந்து போடுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டாள். விடுவதற்கு முன், சுதந்திரமாக இருப்பது எப்படி என்று பலகையில் பதினான்கு விதிகள் எழுதினாள். (சிரிக்காதீர்கள். அவளுக்கே இன்னும் சிரிப்பு வரவில்லை.) பிள்ளைகள் பதினான்கையும் நோட்டில் எழுதிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், மார்ஜின் போடணுமா?"

மறுநாள் பலகையை அழித்தாள். மூன்றாம் வாரம் வகுப்பில் சத்தம் வந்தது, பிறகு கணக்கும் வந்தது. கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

3

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ‘ஒருநாள் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் யாருக்கும் தெரியாத ஒரு வழியில் கணக்கைப் போட்டு’ என்று ஆரம்பித்து, அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"டேய், அவ ஒண்ணுமே பண்ணலடா. உனக்கு அது பொறுக்கலையா?"

"கதைன்னா ஏதாவது நடக்கணுமேக்கா."

"எங்க ஹெச்.எம்.மும் அதையேதான் சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை எல்லா நோட்டும் ஹெச்.எம். மேஜைக்குப் போக வேண்டுமாம். ஒரு நோட்டில் ஒரு கணக்குகூட இல்லையென்றாலும் பழைய முறைதான். நாற்பது பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே நேரத்தில்.

4

முடிவு ஒன்று: அக்கா அவளுக்கு மட்டும் விடைகளைச் சொல்லி எழுத வைக்கிறாள். மற்ற முப்பத்தொன்பது பேர் பிழைத்தார்கள்.

முடிவு இரண்டு: காலி நோட்டை அப்படியே கொண்டுபோய்

(அலுப்பாக இருக்கிறது. எனக்கே இப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு?)

5

இன்று வியாழன். சற்றுமுன் அக்காவே கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம்.

"என்னம்மா, ஒரு கணக்காவது போடலாமில்ல?"

"நீங்க போடச் சொன்னா போடுறேன் டீச்சர்."

"‘போடு’ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சுடா," என்றாள் அக்கா. சொன்னாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பொறுக்கவில்லை என்றால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டாள் என்று நான் எழுதினால் அந்தப் பெண் உடனே போட்டுவிடுவாள். அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிறவள். அதனால்தான் எழுதவில்லை.