காலி வண்டி

எந்தக் காரியத்தையும் "பார்க்கலாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிற மனிதன், விடுமுறை நாளில் விடிந்ததும் விடியாததுமாகக் குளித்து, சட்டை மாட்டி, செருப்போடு வாசலில் நின்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் அர்த்தம். அவன் மனைவிக்கு அது பல் துலக்கும்போதே மனசில் தட்டியது.

"இன்னிக்கே வாங்கிடலாம்," என்றான் கணவன்.

"அடுத்த மாசம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப இன்னிக்குன்னு சொல்றேன். மிளகுக்குச் சட்டை போடு."

மிளகு என்பது மகள். இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆள் துளி, காரம் அளவில்லை என்று பிறந்த வாரத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். வாங்க வேண்டியது அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி. வீட்டில் ஒன்று இருந்தது. அவனுடைய அக்கா கொடுத்தது. நாத்தனார் கொடுத்த பொருளைக் குறை சொல்லி யாரும் நிம்மதியாக இருந்ததில்லை என்பதால் அவள் வாயைத் திறந்ததில்லை. நான்கு பெரிய சக்கரம், தேர் மாதிரி கூரை. மடக்கும் மூட்டு நாத்தனாரின் இரண்டாவது பையன் காலத்திலேயே இறுகிப்போயிருந்தது.

இவர்கள் இருப்பதோ நாலாவது மாடி. லிஃப்ட்டுக்குள் 'மூன்று பேர்' என்று எழுதியிருக்கும். அந்த மூன்று பேர் எங்கேயோ நெடுநாள் பட்டினி கிடந்து வந்தவர்களாக இருக்க வேண்டும். வண்டி உள்ளே போனால் ஆளுக்கு இடமில்லை, ஆள் போனால் வண்டிக்கு இடமில்லை. படிக்கட்டுக்குக் கீழே எதையும் நிறுத்தக்கூடாது என்று கட்டிடக்காரர் கண்டிப்பு. அதனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. காலி வண்டியை லிஃப்ட்டுக்குள் தள்ளி, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பட்டனை அழுத்திவிட்டு, கதவு மூடுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மிளகை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் இறங்க வேண்டும். வண்டி தன் பாட்டுக்குக் கீழே போய்ச் சேரும். இப்படித்தான் அவள் செய்தாள். அவனும் இப்படித்தான் செய்கிறான் என்று நினைத்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது லிஃப்ட் கதவில் எண்ணெய்க் கறை இருந்தது. ராத்திரி அவன் வீடு திரும்பியதும் கேட்டதற்கு, "நடுவுல நின்னுடுச்சு. மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு. உள்ள காலி வண்டிதான்," என்றான். உள்ளே என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். அன்று மிளகு குளியலறைக் கதவைச் சாத்த விடவில்லை. சாத்தப் போனாலே கத்தினாள். பல் முளைக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ற அளவில் வெட்டுகிறவள். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் கண்ணாடி வீண். அவன் பஸ் டிரைவர். மதியத்துக்கு மேல்தான் அவனுக்கு வண்டி. காலையெல்லாம் மிளகைப் பார்த்துக்கொண்டு, பிறகு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு டிப்போவுக்குப் போவான். பிரசவத்துக்குப் பிறகு அவள் வேலைக்குத் திரும்பத் தயங்கியபோது, "நான் பார்த்துக்கறேன், நீ போ," என்று சொன்னவன் அவன்தான். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அவள் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

குழந்தைப் பொருள்கள் கடை ஒரு வணிகக் கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. "படியிலயே போகலாம்," என்று மிளகைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஏறினான். மாடிப்படியைக் கண்டாலே முழங்காலைத் தடவுகிற மனிதன். அவள் பின்னாலேயே ஏறினாள்.

விற்பனைப் பெண் நல்ல வாயாடி. பார்த்த மாத்திரத்தில் மிளகின் கன்னத்தைக் கிள்ளி, மிளகிடம் ஓர் அடியும் வாங்கிக்கொண்டு, வண்டிகளை வரிசையாக இழுத்து விட்டாள். அவன் எதையும் பார்க்கவில்லை. நேராக மூலையிலிருந்த மூன்று சக்கர வண்டியிடம் போனான். சின்ன வண்டி. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று. சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தான். நூலில் இரண்டு முடிச்சுகள். வண்டியின் அகலத்துக்கு ஒரு தடவை, நீளத்துக்கு ஒரு தடவை பிடித்துப் பார்த்தான்.

அவள் அசந்துபோனாள். குழம்புக்கு உப்பைக்கூட மேலேயிருந்து வீசுகிறவன் இவன்.

"என்ன நூல் இது?"

"நம்ம லிஃப்ட் அளவு."

"எப்ப எடுத்தீங்க?"

"காலையில. நீ தூங்கிட்டிருந்த."

"மூணு சக்கரம் கவுந்துடாதா?" என்று அவள் விற்பனைப் பெண்ணைக் கேட்டாள்.

"கவுந்துடாது மேடம். பின்சக்கரம் ரெண்டும் நல்லா அகலமா இருக்கு. முன்சக்கரம் எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பும். வேகமா இறக்கத்துல போறப்ப மட்டும் இந்தப் பூட்டப் போட்டுக்கோங்க. ஒத்தைக் கையால மடக்கிடலாம்."

அவள் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். பிரேக்கை மிதித்தாள். பெல்ட்டின் கொக்கியை இழுத்தாள். கைப்பிடியை அழுத்தி, நடைபாதை விளிம்பில் ஏற்றுவது போல முன்சக்கரத்தைத் தூக்கினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அந்த நாலு சக்கரமும் சின்னதாத்தானே இருக்கு? அதையும் பார்ப்போம்."

"அது வேணாம். முன்னாடி ரெண்டு சக்கரம் இருந்தா கால் வைக்க இடம் இருக்காது. இதுல நடுவுல ஒண்ணுதான். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். வண்டியோட ஆளும் உள்ள நிக்கலாம்."

"ஆள் எதுக்கு உள்ள நிக்கணும்? வண்டிய மடக்கிக் கையில பிடிச்சுட்டு, மிளகத் தூக்கிக்கிட்டா போதுமே?"

அவன் நூலை விரலில் சுற்றினான். அப்போதுதான் அவனுடைய உள்ளங்கையின் ஓரத்தை அவள் பார்த்தாள். கன்றிக் கறுத்திருந்தது.

"கையில என்ன?"

"பஸ் கதவு இடிச்சுது."

விற்பனைப் பெண்ணுக்கு இந்தப் பேச்சின் சூடு புரியவில்லை. "நம்ம கடை லிஃப்ட்டும் தீப்பெட்டிதான் மேடம். பாப்பாவ உட்கார வச்சே பாத்துடுங்களேன்," என்றாள்.

"வேணாம்," என்றான் அவன், கொஞ்சம் உரக்க.

"ஏன் வேணாம்? நூலை நம்பியா வாங்குறது?" என்று அவள் மிளகை வண்டியில் உட்கார வைத்தாள். மிளகுக்குக் கொண்டாட்டம். பெல்ட்டைத் தானே மாட்டப் பார்த்தாள், காலை ஆட்டினாள், கடையையே விலைக்கு வாங்கிவிட்டவள் போலக் கையை வீசிக்கொண்டு வந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. அவள் வண்டியைத் திருப்பி, பின்சக்கரங்களை முதலில் உள்ளே தள்ளினாள். மிளகின் முகம் கதவைப் பார்த்திருந்தது. அவன் சொன்னபடியே முன்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து அவளும் ஏறி, குழந்தையைப் பார்த்தபடி நின்றாள். இடம் சரியாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு நகர்ந்தது.

மிளகின் கால் ஆட்டம் நின்றது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் இடுப்பைத் தாண்டி, வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தாள். பெல்ட்டை இரண்டு கையாலும் பிய்த்தாள்.

"அப்பா ஓடாத! அப்பா ஓடாத!"

மூடுகிற கதவுக்கு நடுவே அவன் கையைக் கொடுத்தான். கதவு இடித்துவிட்டுத் திறந்தது.

"அப்பா எங்கயும் ஓடலையே செல்லம்," என்று விற்பனைப் பெண் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பில் போடும் மேஜைப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அவள் வண்டியை வெளியே இழுத்தாள். குனிந்து மகளின் கண்ணீரைத் துடைத்தாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்பா எங்கடா கண்ணு ஓடுவாரு?"

"கீழ," என்றாள் மிளகு விம்மலுக்கு நடுவில். "மிளகு வண்டி. அப்பா ஓடு ஓடு." பிறகு கையால் கண்ணைப் பொத்திக்காட்டினாள். "இருட்டு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல போய்ப் பேசலாம்," என்றான் அவன்.

"இங்கயே சொல்லு."

கல்யாணமானதிலிருந்து அவனை அவள் 'நீ' என்றதில்லை. அவன் அதற்கு முகம் சுளிக்கவில்லை. அந்த நிலையில் இல்லை.

சொன்னான். ஒரு நாள் மிளகு வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம். டிப்போவுக்கு நேரமாகிவிட்டது. பட்டனை அழுத்திவிட்டுப் படியில் ஓடினான். கதவு திறந்தபோது மிளகு கைதட்டிச் சிரித்தாள். அடுத்த நாள் அவளே "அப்பா ஓடு" என்றாள். அது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவன்தான் முதலில் கீழே நின்றான். நேற்றும் முதலில் நின்றான். லிஃப்ட் மட்டும் வரவில்லை.

"விளக்கும் அணைஞ்சுடுச்சு. ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல. கதவத் தட்டிட்டே இருந்தேன். 'அப்பா இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்'னு சொல்லிட்டே இருந்தேன். முதல்ல அழுதா. அப்புறம்…" அவன் கன்றிய கையை மடக்கிக்கொண்டான். "அப்புறம் அழுகை நின்னுடுச்சு. சத்தமே இல்ல. மெக்கானிக் வர்ற வரைக்கும் சத்தமே இல்ல."

அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. பஸ் நிறைய ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிவிடுகிறவன், பெற்ற பிள்ளையைத் தனியாக ஒரு பெட்டிக்குள் தள்ளிப் பட்டனை அழுத்தியிருக்கிறான். கீழே வேறு யாராவது நின்று வண்டியோடு இழுத்துக்கொண்டு போயிருந்தால்? கதவிடுக்கில் விரலை நீட்டியிருந்தால்? நேற்று அந்த நேரம் அவள் யாருக்கோ கண்ணாடி மாட்டிவிட்டு, நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

"எங்கிட்ட காலி வண்டின்னு சொன்ன."

"நிஜத்தச் சொன்னா நீ நாளைக்கு வேலைக்குப் போகமாட்டே."

"போவேனா மாட்டேனாங்கறத நான் முடிவு பண்ணனும். நீ பண்ணக்கூடாது."

வண்டியை வாங்கினார்கள். அதில் மட்டும் இரண்டாம் பேச்சு இல்லை. மிளகு புது வண்டியிலேயே அயர்ந்துபோய், பஸ் குலுக்கியதில் விழித்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தங்கள் லிஃப்ட்டின் முன்னால் நின்றபோது அவன் மெல்லச் சொன்னான். "நீ அவளோட போ. நான் படியில வர்றேன்."

"வேண்டாம். நீ உள்ள போ. நான் படியில வர்றேன்."

அவன் வண்டியைத் திருப்பி உள்ளே தள்ளினான். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றான். இடம் போதுமானதாக இருந்தது. கதவு மூடியதுமே மிளகின் அழுகை கேட்டது.

நிதானமாக ஏறுவது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். ஓடிக் காட்டுவதற்கு அவள் ஒன்றும் விளையாடவில்லை. முதல் மாடிவரை நிதானமாகவே ஏறினாள். சுவருக்குள் லிஃப்ட் முனகிக்கொண்டு கூடவே வந்தது, அழுகையும் கூடவே வந்தது. இரண்டாவது மாடி திரும்பும்போது அழுகை நின்றுவிட்டது. முனகல் கேட்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. காதுக்குள் அவளுடைய ரத்தமே இரைந்தது.

கால்கள் அவளைக் கேட்காமல் ஓடின. ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு நாலாவது மாடிக்கு வந்தபோது லிஃப்ட் கதவு மூடியே கிடந்தது. உள்ளே சத்தமில்லை. அவள் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். தட்டுவதற்கு உள்ளங்கையின் எந்த ஓரம் வாகானது என்பது கைக்கே தெரிந்திருந்தது.

கதவு திறந்தது.

அவன் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான். நெற்றி மகளின் நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவனுடைய காலர் மிளகின் கைக்குள் கசங்கிக் கிடந்தது. மிளகு அழவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைச் செருப்போடு மூச்சிரைக்க நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

அவளால் அடக்க முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து வண்டியின் விளிம்பில் முகத்தைப் பதித்து அழுதாள். ஆத்திரம், பயம், நேற்று அங்கே இல்லாமல் போன குற்றவுணர்வு எல்லாம் சேர்ந்து வந்தது.

தலைமேல் ஒரு சின்னக் கை தட்டியது.

"இங்கதான் இருக்கேன்," என்றாள் மிளகு. அவளுடைய வாய்க்கு மீறிய வாக்கியம். தட்டலும் சொல்லும் சேர்ந்தே வந்தன. கதவைத் தட்டித் தட்டிச் சொன்னவனிடம் கேட்டது அப்படியே வந்தது. "இங்கதான் இருக்கேன். இங்கதான் இருக்கேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நிமிர்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன்," என்றாள். "பயந்துகிட்டேதான் போவேன். இனிமே வண்டி காலியா இருந்தாலும் சொல்லு, நிறைஞ்சிருந்தாலும் சொல்லு."

அவன் தலையாட்டினான்.

"தலைய ஆட்டாத. வாயத் திறந்து சொல்லு."

"சொல்றேன்."

லிஃப்ட் கதவு மூட வந்து, வண்டியில் இடித்து, மறுபடி திறந்தது.

"எழுந்திரு," என்றாள் அவள். "வண்டிய வெளிய எடு. கீழ யாரோ காத்துட்டிருக்காங்க."