அடியேன் குடிசை

"அடியேன் குடிசைன்னு மைக்குல சொன்னது இந்த வீடுதானாய்யா?"

வாசலில் நின்று வெள்ளத்தாய் கேட்டாள். உள்ளே கூடத்தில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பந்தி உட்கார்ந்தாயிற்று. அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? வீட்டுக்காரர் யதிராஜனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. ராஜபாளையம் மில்லில் அவர் ஹெட் கிளார்க். அவள் அங்கே கழிவுப் பஞ்சு பொறுக்குகிறவள். அவள் காலனிக்காரி என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தப்பு அவளுடையது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வைஷ்ணவர் பேச்சில் தன் வீடு என்றைக்கும் குடிசை. அடுத்தவர் வீடுதான் திருமாளிகை. அப்பேர்ப்பட்ட பணிவு! யதிராஜனின் குடிசைக்கு மூன்று கட்டு, தேக்குத் தூண், சிவப்பு சிமெண்டுத் தரை, மொட்டை மாடியில் டி.வி. ஆண்டெனா. எண்பத்தாறாம் வருஷத்து ஆடிப்பூரத்துக்கு முதல் நாள் பஜனை மடத்து மைக்கைப் பிடித்து, நாளைக்குத் தேர் நிலைக்கு வந்ததும் அடியேன் குடிசையில் ததியாராதனம், அடியார்கள் எல்லாரும் எழுந்தருளணும் என்று குரல் தழுதழுக்க அழைத்தவர் அவர்தான். அடியார்களுக்குச் சோறு போடுவதற்குத்தான் அந்தப் பெயர். மைக் சத்தம் காலனி வரைக்கும் கேட்கும் என்பது, பாவம், அவருக்குத் தோன்றவில்லை.

வாசலுக்கு ஓடி, கொல்லைப் பக்கம் போய் நில், பந்தி முடிந்ததும் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். வெள்ளத்தாய் நகரவில்லை. கோபப்படவும் இல்லை, அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. தலைக்குக் குளித்து, நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு இழுத்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்து, தேர் வடம் பிடித்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். வடத்தில் அவள் கைக்கு அடுத்த கை யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தேர் நகர வேண்டுமே!

"அடியாருன்னா யாருய்யா? எங்களச் சேக்காமத்தான் சொன்னீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் அடுக்களைக்கு வந்து, ஒரு பொட்டலம் கட்டிக் கொல்லை வழியாகக் கொடுத்தனுப்பு என்று மனைவி சௌந்தரவல்லியிடம் முணுமுணுத்தார்.

சௌந்தரவல்லி ஏற்கெனவே சூடுபட்டவள். முந்தின கோடையில், தெருக்குழாயில் காலனிப் பெண்களும் தண்ணீர் பிடித்தால் என்ன என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். தெருவே அவளோடு பேச்சை நிறுத்தியது. குழாய்க்குப் பூட்டு வந்தது. உலகத்தைத் திருத்த நீயா பிறந்தாய் என்றார் கணவர். பெருமாளைச் சேவிக்கிறதோடு நிறுத்திக்கொள் என்றார் கூடப்பிறந்த அண்ணா. நமக்கெதுக்கு வம்பு என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பொட்டலத்துக்கு வாழைச்சருகை எடுத்தாள். எதிரே ஆண்டாள் படம், அதில் காலையில் அவளே கட்டிப் போட்ட மாலை. இந்த ஊர்ப் பெண் சூடிப் பார்த்த மாலையை எச்சில் என்று ஒதுக்கியபோது, அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பெருமாளுக்கல்லவா இத்தனை வருஷமாகத் தளிகை பண்ணுகிறோம்! கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கதையைக் கண்ணீர் விட்டுக் கேட்டவர்கள். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் குழாயைப் பூட்டியவர்கள். சௌந்தரவல்லிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இந்தப் பெருமாளை நான் நம்புகிறேனா இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நம்புகிறாள். அப்படியானால் பொட்டலம் கட்ட முடியாது.

சருகைப் போட்டுவிட்டு, ஒரு நுனியிலையோடு கூடத்துக்கு வந்து பந்திக் கடைசியில் விரித்தாள். வாசலைப் பார்த்து, உள்ளே வந்து உட்காரம்மா என்றாள். வெள்ளத்தாய் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

முதல் இலையில் இருந்தவர் எதிர்வீட்டுக் கண்ணபிரான், மடத்தின் தலைவர். கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ததியாராதனமே எச்சில்பட்டுப் போச்சு, யதிராஜா."

"சூடிக் கொடுத்த மாலையையே எச்சில்னு சொல்லாத பெருமாள், மாமா. இதைப் போய் அவர்கிட்டச் சொல்லுங்கோ" என்றாள் சௌந்தரவல்லி.

யாரும் போய்ச் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அக்காரவடிசல் வாசனை மூக்கைத் துளைத்ததால் சிலர் கொஞ்சம் மெதுவாகவே போனார்கள்.

வெள்ளத்தாயும் எழப்பார்த்தாள். தன்னால் வீட்டில் சண்டை வேண்டாம், பொறவு வாரேன் என்றாள். சௌந்தரவல்லி அவள் கையைப் பிடித்து உட்கார்த்தி, பக்கத்திலேயே தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

யதிராஜன் அன்றே தீட்டுக் கழித்தார். சிமெண்டுத் தரையில் சாணி நிற்காது என்று பினாயில் வாங்கி வந்தார். பினாயில் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கண்ணபிரானும் கேட்கவில்லை.

மறு வருஷம் மனைவியை நம்பாமல் சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டார். மைக்கிலும் உஷாராகப் பேசினார். "நாளைக்கு நம்ம கிருகத்துல ததியாராதனம். அழைப்பு வந்தவா மட்டும் வந்தாப் போதும்."

ஒரே வருஷத்தில் குடிசை வீடாகிவிட்டது. குரல் மட்டும் வழக்கம்போலத் தழுதழுத்தது.

தேரன்று மத்தியானம் சௌந்தரவல்லி தன் கையால் பண்ணிய அக்காரவடிசலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனாள். அடுத்தவர் வீட்டை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகிய வாய். எதிர்ப்பட்ட ஒரு பெண்ணிடம், "வெள்ளத்தாயோட திருமாளிகை எதும்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மாளிகையா? இங்கன அம்புட்டும் குடிசைதாம்மா."

பேச்சுச் சத்தம் கேட்டு வெள்ளத்தாய் ஓலைத் தட்டியை விலக்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் ஓர் இலை போடு என்று அவளிடம் சொல்லிவிட்டு, சௌந்தரவல்லி தலையைக் குனிந்து உள்ளே போனாள்.