கன்னத்தில் ஒரு மாத்திரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வயதான குரங்கு ஒன்று உண்டு. பெரியப்பா என்று கூப்பிடுவோம். எச்.ஐ.வி.யின் குரங்கு வகைக் கிருமியை அவருக்கு ஏற்றியிருக்கிறார்கள். மருந்தால் கிருமியை அடக்கி வைத்தாலும் எலும்பும் இதயமும் ஞாபகமும் ஏன் சீக்கிரமே கிழடு தட்டுகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதே கிருமியின் மனித வகையை உடம்பில் வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு அவருக்குத் தீனி போடுகிறவன் நான். "பேசாம என்னையே கூண்டுல போட்டுடுங்களேன், செலவு மிச்சம்" என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு எப்போதும் அந்தக் கதிதான்.

என் மனைவி இங்கேயே தீனி அறையில் பழம் நறுக்குகிறாள். காலையில் என் மாத்திரையை அவள்தான் தருவாள். அதைக் கன்னத்தில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்து, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் குப்பையில் துப்பிவிடுவேன். காரணம் கேட்டால் வெட்கக்கேடு. அந்த மாத்திரையைப் பார்த்தால்தான் நான் நோயாளி என்று ஞாபகம் வருகிறது. மற்ற நேரமெல்லாம் நான் ராஜா.

போன வாரம் ஆஸ்பத்திரியில் சோதித்தபோது என் ரத்தத்தில் கிருமி மறுபடி தலைகாட்டியது. "மருந்து கேக்காம போயிடுச்சா டாக்டர்?" என்று அவள் கேட்டபோது குரல் உடைந்தது. நான் ஒன்றும் அறியாதவனாக ரிப்போர்ட்டைப் புரட்டினேன். சாவுக்குப் பயம்தான். உண்மையைச் சொல்ல அதைவிடப் பயம்.

நேற்று பெரியப்பா, பழத்துக்குள் வைத்த மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுப் பழத்தை மட்டும் விழுங்கினார். எனக்கு வந்ததே கோபம்!

"யாரை ஏமாத்துற? உன் நல்லதுக்குத்தானே குடுக்கறோம்? உன்னால எத்தனை பேருக்குக் கஷ்டம் தெரியுமா? வாயைத் திற!"

உபதேசம் குழறிக் குழறி வந்தது. என் மாத்திரையை நான் இன்னும் துப்பியிருக்கவில்லை.

தீனித் தட்டைத் தள்ளுகிற திறப்பு வழியாக மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பேச்சு ஏன் குழறுது?"

"பல்லு வலி."

"வெளிய வாங்க. இப்ப நீங்க வாயைத் திறங்க."

திறந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து அழுதாள். "மருந்து தோத்துடுச்சுன்னு நான் தூங்காம கெடந்தேன். நீங்கதானா அது?"

கூசிப்போனேன். பாதி கரைந்திருந்ததை அவள் எதிரிலேயே விழுங்கினேன். கசந்தது.

இன்று காலை என் மாத்திரையும் வாழைப்பழத்துக்குள் வந்தது. பெரியப்பாவுக்குக் கன்னத்தை அழுத்திப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். என்னை நாக்கையும் தூக்கச் சொன்னாள்.